மேன்முறையீடு போட்டாயிற்று, பிணை ஏன் வரவில்லை?

வாசகர் சட்டக் கேள்வி – பதில்

தண்டனை பெற்றவரை மேன்முறையீடு முடியும் வரை பிணையில் எடுப்பது பற்றி இம்முறை கடிதத்துக்கு மேல் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே காணி, தாபரிப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிறையில் ஆள் இருக்கிற வீட்டுக்கு முதலில் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

கேள்வி: என் கணவர் விவசாயி. எங்கள் வட்டையில் சிறுபோகத் தண்ணீர் முறை தொடர்பாக நடந்த சண்டையில் ஒருவருக்கு மண்வெட்டியால் வெட்டு விழுந்தது. கொலை முயற்சி என்று மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஆறு வருடமாக என் கணவர் பிணையில்தான் இருந்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. அண்மையில் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து ஏழு வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். உடனே மேன்முறையீடு போட்டோம். மேன்முறையீடு போட்டால் பிணை வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பிணை மனு தள்ளுபடியாகிவிட்டது. அவருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். வீட்டில் மூன்று பிள்ளைகளும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். ஆறு வருடம் வெளியே விட்டவர்கள் இப்போது ஏன் விட மறுக்கிறார்கள்? – பெயர் வேண்டாம், படுவான்கரை.

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் எடுக்கிறேன். அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

அந்த ஆறு வருடமும் உங்கள் கணவர் சட்டத்தின் கண்ணில் நிரபராதி. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதியாகவே கொள்ளப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின் 5ஆம் பிரிவு சொல்கிறது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டமும், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்றுதான் தொடங்குகிறது. ஆகவே அப்போது, ஏன் பிணை கொடுக்கக் கூடாது என்று காட்டும் பொறுப்பு அரச தரப்பின் தலையில் இருந்தது. தப்பி ஓடுவார், சாட்சிகளைக் குழப்புவார் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

தீர்ப்பு வாசிக்கப்பட்ட அந்த நிமிடத்தில் இந்த நிலை மாறிவிட்டது. குற்றம் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்று மேலே உள்ள நீதிமன்றம் சொல்லும் வரை அது சரியான தீர்ப்பாகவே கொள்ளப்படும். இனி ஏன் பிணை கொடுக்க வேண்டும் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 333ஆம் பிரிவும் பிணைச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் மேல் நீதிமன்றத்துக்குப் பிணை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்திருப்பது உண்மை. ஆனால் அது நீதிபதி தகுந்தது என்று கருதினால் பயன்படுத்தும் அதிகாரம். உங்கள் கணவர் உரிமையோடு கேட்டுப் பெறுவதல்ல. அந்தத் தற்றுணிபைப் பயன்படுத்த, விதிவிலக்கான சூழ்நிலை இருக்கிறது என்று காட்டவேண்டும். 1940களிலிருந்தே எங்கள் நீதிமன்றங்கள் பிடித்துவந்த வழி இது. பிணைச் சட்டம் வந்த பிறகு இந்தத் தேவை போய்விட்டது என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். 2004ஆம் ஆண்டு தாமோதரம்பிள்ளை எதிர் சட்டமா அதிபர் வழக்கில், அந்தத் தேவை இன்னும் இருக்கிறது என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஊரார் உங்களிடம் பொய் சொல்லவில்லை. நீதவான் நீதிமன்ற வழக்குகளில் பெரும்பாலும் அவர்கள் சொன்னபடிதான் நடக்கும். அங்கே கண்டதை மேல் நீதிமன்றத்துக்கும் பொருத்திவிட்டார்கள். தீர்ப்பு நாளில், மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்று நம்பி மாற்று உடுப்பும் மாத்திரையும் இல்லாமல் வந்து நிற்கிற குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனது கனக்கிறது. வழக்கு நடக்கிற காலத்திலேயே இதை ஒருவர் அவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மறியலில் வைத்திருக்க முடியாது என்று பலர் எழுதுகிறீர்கள். பிணைச் சட்டத்தின் அந்த ஏற்பாடு தீர்ப்புக்கு முன் விளக்கமறியலில் இருப்பவருக்கானது. தண்டனை விதிக்கப்பட்டவர் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வர முடியாது.

சரி, விதிவிலக்கான சூழ்நிலை என்றால் என்ன? சட்டம் அதற்குப் பட்டியல் போடவில்லை. வழக்குக்கு வழக்கு பார்க்கப்படும். எது போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கசப்பாக இருக்கும். உழைக்கிறவர் உள்ளே போனதால் குடும்பம் படுகிற கஷ்டம் மட்டும் போதாது. மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து, விதைக்காமல் கிடக்கிற வயல் எல்லாம் உண்மை. ஆனால் சிறைக்குப் போகிற எந்தக் குடும்பத்துக்கும் நேர்கிற துன்பம் இது என்பதால், உங்களுக்கு மட்டும் உரிய விசேட காரணமாக நீதிமன்றம் அதை எடுப்பதில்லை. ஒரு தவணையும் தவறவில்லை என்பதும் அப்படித்தான். அது நல்ல துணை. தனியாக நின்று பாரத்தைச் சுமக்காது. உங்கள் முதல் மனுவின் பிரதியை அனுப்பியிருந்தீர்கள். அதில் மூன்று பக்கம் குடும்பக் கஷ்டம், நோய் பற்றி ஒரே ஒரு வரி. மனு தோற்றதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இனி எது உதவும்? முதலாவது, நோய். நீரிழிவு என்றாலே போதும் என்று எண்ணவேண்டாம். நீரிழிவோடு எத்தனையோ கைதிகள் சிறையில் இருக்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. இந்த நோய்க்கு, இந்த நிலையில், சிறையில் வைத்துப் போதிய சிகிச்சை கொடுக்க முடியாது, வைத்தால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று காட்டவேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்களுமல்ல, நானுமல்ல, வைத்தியர்.

வீட்டில் அவருடைய கிளினிக் கொப்பி இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருகைக்கும் திகதி, சீனியின் அளவு, மாற்றிய மருந்து, புண்ணுக்கு மருந்து கட்டிய நாள், வைத்தியரின் சுருக்கெழுத்து எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் சாதாரணமாக நினைத்து அலுமாரியில் போட்டுவைத்திருக்கும் அந்தக் கொப்பி, உங்கள் கண்ணீரைவிட நீதிமன்றத்தில் பலமாகப் பேசும். புண் தீர்ப்புக்கு முன்பே இருந்தது, எவ்வளவு காலமாக ஆறவில்லை, எந்த நாளில் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார் என்பதையெல்லாம் அது திகதி திகதியாகக் காட்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால், வெளியேறும்போது கொடுத்த நோய் விபர அட்டையையும் சேர்த்து எடுங்கள். அதோடு, இப்போதைய நிலை பற்றி சிறைச்சாலை வைத்திய அதிகாரியிடமும், தேவையானால் சட்ட வைத்திய அதிகாரியிடமும் அறிக்கை கோருமாறு நீதிமன்றத்திடமே கேட்கலாம். தனியார் வைத்தியரிடம் ஆளைக் காட்டாமல் வாங்கிவருகிற சான்றிதழ் வேண்டவே வேண்டாம். அரச சட்டத்தரணி எழுந்து ஒரு கேள்வி கேட்டால் அது விழுந்துவிடும். அது விழும்போது உண்மையான நோயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

சிறுநீரக நோயாளி ஒருவருக்காக நான் ஆஜரானபோது, மனுவில் கடும் நோயாளி என்ற சொல்லையே எழுதவில்லை. இரத்தச் சுத்திகரிப்பு எந்தக் கிழமை நாட்களில் நடந்தது, தீர்ப்புக்குப் பின் எந்த நாட்களில் தவறியது, அந்த நாட்களுக்குப் பின் இரத்தப் பரிசோதனை என்ன காட்டியது என்று மட்டுமே எழுதினோம். வாசித்த நீதிபதி அரச சட்டத்தரணியிடம் கேட்ட முதல் கேள்வியே அந்தத் தவறிய நாட்களைப் பற்றியதுதான்.

இரண்டாவது, தாமதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் மாகாணத்து மக்களைத் தனியாகத் தாக்குகிறது. மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தின் நடவடிக்கைகள் தமிழில் பதியப்படுகின்றன. மேன்முறையீடு போவதோ கொழும்பு புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. கீழ் நீதிமன்றத்தின் மொழியும் மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழியும் வேறாக இருந்தால், வழக்கேடு மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழியிலும் தயாரிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அதாவது உங்கள் கணவரின் வழக்கில் சாட்சி சொன்ன ஒவ்வொருவரின் வாக்குமூலமும், குறுக்கு விசாரணையும், நீதிபதியின் தீர்ப்பும் தட்டச்சாகி, சரிபார்க்கப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, பிரதி எடுக்கப்பட்டுப் போகவேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு. பக்கங்களோ நூற்றுக்கணக்கில். ஏடு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே உள்ள வரிசையில் நிற்க வேண்டும். ஒரு தமிழ்க் கைதியின் மேன்முறையீடு அவரது மொழியின் காரணமாகவே பின்தங்குவது எனக்கு ஏற்க முடியாத அநியாயமாகப் படுகிறது. அதை நான் நீதிமன்றத்திலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஆனால் தாமதம் என்ற சொல்லை மட்டும் வைத்துப் பிணை வராது. 2006ஆம் ஆண்டு எதிரிவீர வழக்கில் உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு அளவைச் சொன்னது: வழக்குகள் தேங்கிக் கிடப்பதால் வருகிற, விளக்கம் சொல்லக்கூடிய தாமதம் போதாது, மிதமிஞ்சிய, ஒடுக்குமுறையான தாமதமாக இருக்கவேண்டும், அது வழக்கின் நிலையைப் பொறுத்தது. உங்கள் கணவருக்குத் தீர்ப்பாகி அதிக காலம் ஆகவில்லை. இப்போதே தாமதம் என்று வாதாடினால் எடுபடாது. ஆனால் இன்றிலிருந்தே ஆதாரம் சேர்க்கத் தொடங்கலாம். ஏடு தட்டச்சுக்குப் போயிற்றா, மொழிபெயர்ப்புக்குப் போயிற்றா, எந்த நாளில் கொழும்புக்கு அனுப்பப்பட்டது என்று பதிவாளரிடம் சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து மீண்டும் மனுப் போடும்போது, நாங்கள் சும்மா இருக்கவில்லை, ஏடு இந்த இடத்தில் இத்தனை மாதம் கிடந்தது என்று காட்ட அந்தக் கடிதங்கள் வேண்டும். தண்டனைக் காலம் குறுகியதாக இருப்பவருக்கு இந்த வாதம் இன்னும் பலமானது. இரண்டு வருடத் தண்டனை பெற்றவரின் மேன்முறையீடு மூன்றாம் வருடத்தில் விசாரணைக்கு வந்தால் அவர் வென்றும் என்ன பயன்?

மூன்றாவது, தீர்ப்பே பார்த்தவுடன் தெரியும் பிழையோடு இருப்பது. அடையாளம் காட்டியதில் பெரிய ஓட்டை, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பக்கச் சாட்சியைத் தீர்ப்பில் தொடவேயில்லை என்பது போன்றவை. பிணை மனுவிலேயே மேன்முறையீட்டை முழுதாக வாதாட விடமாட்டார்கள். ஒரே ஒரு பிழை, ஆனால் மறுக்க முடியாத பிழை இருந்தால், பக்க எண்ணோடு காட்டவேண்டும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. நோய் பற்றிய புதிய ஆவணங்களைச் சேர்த்து, நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டி, அதே மேல் நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசியோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம். சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். அல்லது மறுத்த கட்டளைக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு மனுப் போடலாம். மீளாய்வுக்குப் போவதானால், கட்டளையினதும் தேவையான ஏட்டுப் பகுதிகளினதும் உறுதிப்படுத்திய பிரதிகள் மனுவோடு இணைக்கப்பட வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும். அந்த நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகள் இதில் கண்டிப்பானவை. நல்ல காரணம் இருந்தும், ஒரு ஆவணம் இணைக்கப்படாததால் வாசலிலேயே திருப்பப்பட்ட மனுக்கள் உண்டு.

உங்கள் நிலையில் நான் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். செலவு குறைவு, வைத்தியரும் ஏடும் நீங்களும் ஒரே ஊரில் இருக்கிறீர்கள். அதோடு நில்லாமல், மேன்முறையீட்டை விரைவில் விசாரணைக்கு எடுக்கும்படி கொழும்பில் ஒரு நகர்த்தல் பத்திரமும் போடச் சொல்லுங்கள். குடும்பங்கள் பிணை, பிணை என்று அதன் பின்னாலேயே ஓடிக் காசை முடித்துவிட்டு, உண்மையில் விடுதலை தரக்கூடிய மேன்முறையீட்டு விசாரணைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பார்த்து வேதனைப்படுகிறேன். இருக்கிற பணத்தில் பெரிய பங்கை அந்த விசாரணைக்கு ஒதுக்கிவையுங்கள், தங்கச்சி.

கேள்வி: என் தம்பிக்குக் கல்முனை நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதச் சிறைத்தண்டனை. மேன்முறையீடு செய்தால் அவனும் உள்ளேயேதான் இருக்கவேண்டுமா? – வாசகர், பாண்டிருப்பு.

பதில்: இல்லை. இங்கே வழி இலகுவானது. நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு கொழும்புக்குப் போகாது. மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். பிணை கேட்பது தண்டித்த அதே நீதவானிடம். பிணைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றத்தின் பாரதூரத்தையும் ஆளின் முன்னைய நடத்தையையும் கருதி நீதவான் மறுக்கலாம். அப்படி மறுக்கக் காரணம் இல்லையென்றால் பிணைமுறியில் கையெழுத்திட்டு வெளியே வரலாம். முன்குற்றம் இல்லை என்றால் அதைச் சட்டத்தரணி முதலிலேயே சொல்லட்டும்.

பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு போயிருக்க வேண்டும். தீர்ப்பு நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். ஞாயிறும் போயா தினமும் கழியும் என்ற நம்பிக்கையில் இருக்கவேண்டாம். நான் என் கட்சிக்காரர்களுக்கு ஒரு கிழமைக்குள் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று மேன்முறையீட்டில் பிணை கிடைத்த என் மச்சானுக்கு நான் ஆட்பிணை நின்றேன். ஐந்து இலட்சம் ரூபாவுக்குக் கையெழுத்து. இப்போது ஒரு ஏஜென்ட் மூலம் கட்டாருக்குப் போகப்போகிறேன் என்கிறான். தங்கை அழுகிறாள், வாப்பா ஒன்றும் பேசாதே என்கிறார். எனக்கு என்ன நடக்கும்? – பெயர் வேண்டாம், அட்டாளைச்சேனை.

பதில்: தம்பி, நீங்கள் காசு கட்டாமல் கையெழுத்து மட்டும் போட்டதால் அந்தத் தொகை வெறும் எழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். மச்சான் அழைக்கும் நாளில் வராவிட்டால், ஏன் அந்த ஐந்து இலட்சத்தைக் கட்டக் கூடாது என்று காரணம் காட்டும்படி உங்களுக்கு அறிவித்தல் வரும். நல்ல காரணம் இல்லையென்றால் கட்டவேண்டும். கட்டாவிட்டால் உங்கள் சொத்தில் அறவிடுவார்கள், சிறைக்கும் இடமுண்டு. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி, பிரதேச செயலகத்தில் ஒப்பமும் எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். ஆகவே உங்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமே இல்லை.

அவருடைய கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கட்டத்துப் பிணையில் பெரும்பாலும் கடவுச்சீட்டை ஒப்படைக்கும்படியும் மாதத்தில் ஒரு நாள் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்திடும்படியும் நிபந்தனை இருக்கும். அப்படியிருந்தும் ஏஜென்ட் போகலாம் என்கிறான் என்றால், அவன் வேறு கடவுச்சீட்டுக்கு வழி சொல்கிறான் என்று அர்த்தம். அது தனிக் குற்றம். அதில் உங்கள் பெயரும் இழுபடலாம்.

குடும்பத்துக்குள் பேசிப் பார்ப்பது முறைதான். முதலில் அதைச் செய்யுங்கள். வேலை செய்ய உண்மையிலேயே வெளிநாடு போகவேண்டுமென்றால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கட்டும். தண்டனை பெற்றவருக்கு அந்த அனுமதி கிடைப்பது மிக அரிது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், பிணையாளி பொறுப்பிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று நீதிமன்றத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. மச்சான் வேறு பிணையாளியைக் கொண்டுவர வேண்டிவரும், இல்லாவிட்டால் உள்ளே போவார். தங்கை கோபிப்பாள். ஆனால் அவர் பறந்துவிட்டு நீங்களும் சிக்கினால், அந்தத் தங்கைக்கு நாளை யார் துணை? வாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்குத் தண்டனை கிடைத்த நாளில் வழக்குப் பேசிய சட்டத்தரணி, மேன்முறையீட்டுக்குத் தனியாகக் காசு வேண்டும் என்றார். எங்களிடம் இல்லை. மகன் சிறையில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறான். இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. – தாய், திருக்கோவில்.

பதில்: அம்மா, இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். மற்றத் தாய்மாருக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சிறையில் இருப்பவர் மேன்முறையீடு செய்யச் சட்டத்தரணி கட்டாயமில்லை. நான் மேன்முறையீடு செய்ய விரும்புகிறேன், காரணம் இது என்று பதினான்கு நாட்களுக்குள் சிறைச்சாலை அதிகாரியிடம் சொன்னால் போதும். மனுவைத் தயாரித்து, தண்டித்த மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை. சட்டக்கோவையின் 331ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சலுகையாகக் கெஞ்சிக் கேட்கவேண்டியதில்லை. பார்க்கப் போகும்போது மகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன திகதியை அவர் நினைவில் வைத்திருக்கட்டும். நீங்களும் மறுநாள் நீதிமன்றப் பதிவகத்தில் மனு வந்ததா என்று கேளுங்கள்.

வழக்குப் பேசச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர் என்று காட்டக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டுபோங்கள். கொழும்பில் மேன்முறையீடு எடுக்கப்படும் நாளில் சட்டத்தரணி இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிப்பதும் வழக்கம்.

பதினான்கு நாளும் போய்விட்ட குடும்பங்களுக்கு: மேன்முறையீட்டுக் கதவு மூடினாலும் மீளாய்வு மனுவுக்கு வழி உண்டு. ஆனால் ஏன் தாமதம் என்று திருப்தியான விளக்கம் கொடுக்கவேண்டும், விதிவிலக்கான காரணமும் காட்டவேண்டும். அது நீண்ட, கடினமான வழி.

கேள்வி: மேன்முறையீட்டில் பிணை எடுத்துத் தருவதாக ஒருவர் மூன்று இலட்சம் கேட்கிறார். கொழும்பில் ஆள் இருக்கிறதாம். கொடுக்கலாமா? – வாசகர், வாழைச்சேனை.

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லிக் காசு கேட்கிறவன் உங்கள் துன்பத்தைத் தின்று வாழ்கிறவன். பிணை தற்செயலாகக் கிடைத்தால் நான் எடுத்தேன் என்பான், கிடைக்காவிட்டால் தொலைபேசியை நிறுத்திவிடுவான். சட்டத்தரணிக்குக் கொடுக்கிற கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். மனுவின் பிரதி கேளுங்கள். வழக்கு இலக்கம் கேளுங்கள். இந்த மூன்றையும் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாவும் போகக்கூடாது. இலஞ்சமாகக் கேட்டால் முறைப்பாடு செய்யுங்கள். கேட்டவன் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளியாவார்.

கேள்வி: பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்றவருக்கும் மேல் நீதிமன்றத்தில் இப்படிப் பிணை கேட்க முடியுமா? – வாசகர், வந்தாறுமூலை.

பதில்: மேல் நீதிமன்றத்தில் முடியாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மேன்முறையீடு முடியும் வரை மறியலில் வைக்கவேண்டும் என்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில் பிணை கொடுக்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மட்டுமே. பிணைச் சட்டமும் இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்களைத் தொடுவதில்லை. மற்றவருக்கு இரண்டு படி இருக்கையில் இவருக்கு ஒரே படி. அதனால் முதல் மனுவே முழுமையான ஆவணங்களோடு போகவேண்டும்.

கேள்வி: பிணை கிடைக்காமல் சிறையில் இருக்கிற காலம் தண்டனையில் கழிபடும்தானே? – வாசகி, களுவாஞ்சிக்குடி.

பதில்: தானாகக் கழிபடும் என்று எண்ணிவிடக் கூடாது. மேன்முறையீட்டாளர் என்று விசேடமாக நடத்தப்பட்டுச் சிறையில் கழிகிற காலம், மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தால் ஒழிய, தண்டனைக் காலத்தில் சேராது என்பதே 333ஆம் பிரிவின் ஏற்பாடு. பிணையில் வெளியே இருந்த காலமும் அப்படியே. மேன்முறையீடு தோற்றாலும், தண்டனை தீர்ப்பு நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் பல வழக்குகளில் கட்டளையிட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டளை வேண்டும்.

எனவே உங்கள் சட்டத்தரணி மேன்முறையீட்டு வாதத்தின்போது, தோற்றால் என்ன கேட்பது என்பதையும் தயாராக வைத்திருக்கட்டும். சிறைக்குப் போன திகதி, இடையில் பிணையில் இருந்திருந்தால் அந்தத் திகதிகள் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதி அவரிடம் கொடுங்கள். சிறைச்சாலையிலிருந்து அதை உறுதிப்படுத்தும் கடிதமும் எடுத்துவைப்பது நல்லது. இன்னொன்றையும் அவரோடு பேசுங்கள்: தண்டனை கூடிப்போயிற்று என்று மேன்முறையீடு செய்யும்போது, அதைக் குறைக்க மட்டுமல்ல, கூட்டவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறையில் இருப்பவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை சட்டம் அனுமதிக்கும் உச்சத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்த பிறகு, குற்றத்தீர்ப்பை எதிர்ப்பதா, தண்டனையையும் சேர்த்து எதிர்ப்பதா என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள்.